ஓடும் டிராமும் நிற்கும் டிராமும்

நகரத் தெருவின் நடுவே, மனிதரும் மாட்டுவண்டியும் மோட்டாரும் புழங்குகிற அதே தரையோடு தரையாகப் பதித்த தண்டவாளத்தின்மேல் பயணிகளை ஏற்றிச்செல்லும் ஊர்தியே டிராம். தண்டவாளம் ரயிலுக்கும் டிராமுக்கும் பொது என்றாலும், ரயில் தனக்கென ஒதுக்கிய பாதையில் ஓடுவது. டிராமோ தன் பாதையை ஊராரோடு பகிர்ந்துகொள்வது. அதனால்தான் டிராம் தண்டவாளத்தின் தலைப்பகுதியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் விடப்பட்டிருக்கிறது. சக்கரத்தின் உள்விளிம்பு அந்தப் பள்ளத்துக்குள் அடங்கி ஓடுவதால், குறுக்கே வரும் வண்டியின் சக்கரமும் நடப்பவரின் காலும் இடறுவதில்லை. முதலில் குதிரை இழுத்தது. சில ஊர்களில் நீராவி இழுத்துப் பார்த்தது. 1881இல் பெர்லினை அடுத்த லிச்டர்ஃபெல்டேயில் சீமென்ஸ் நிறுவனம் மின்சாரத்தால் ஓட்டிக்காட்டிய பிறகு, உலகின் பெருநகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மின்டிராமுக்கு மாறின. ஐம்பது அறுபது ஆண்டுகள் கழித்து, மாறிய வேகத்திலேயே அவற்றுள் பெரும்பாலானவை டிராமைக் கைவிட்டும்விட்டன. அப்படிக் கைவிடப்பட்டவற்றுள் தப்பிப் பிழைத்த பழைய பெட்டிகளைக் காண்பதற்கென்றே ஊர் ஊராகப் பயணம் போகும் ஆர்வலர் கூட்டம் ஒன்று உலகெங்கும் உண்டு. இந்தக் கூட்டத்தில் சேர விரும்பும் தமிழருக்கு முதலில் எழும் கேள்வி, எங்கே போவது என்பது. அதைவிட முக்கியமான கேள்வி, போன இடத்தில் எதைப் பார்ப்பது என்பது.

தேனி மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், கொடைக்கானல் மலை அடிவாரத்தில் உள்ள கெங்குவார்பட்டியிலிருந்தோ கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்தோ புறப்படும் ஒருவர், டிராமின் உறவினர் என்று சொல்லத்தக்க ஓர் ஊர்தி தம் பக்கத்து மலையிலேயே ஓடியிருப்பதைத் தெரிந்துகொண்டு புறப்படுவது நல்லது. போடிநாயக்கனூருக்கு மேலே, இன்றைய கேரள எல்லையில், மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் தொடங்கியது. அது முதலில் ஒற்றைத் தண்டவாள ரயிலாக இருந்தது. யூவிங் முறை எனப்பட்ட அந்த ஏற்பாட்டில், வண்டியின் எடையில் பெரும்பகுதியைச் சாலையோரம் பதித்த ஒரே தண்டவாளத்தின்மேல் ஓடும் சிறு சக்கரங்கள் தாங்கும், வண்டி சாயாதபடி பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் சாலைமீது உருண்டுவரும், இழுப்பதற்கு மாடுகள். 1908இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலக் குறுகிய பாதை போட்டு நீராவி எஞ்சின் விட்டனர். டாப் ஸ்டேஷனில் இறக்கப்பட்ட தேயிலைப் பெட்டிகள் கம்பிவட ஊர்தியில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து வண்டிகட்டிப் போடிக்கு வந்தன. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது, மறுபடி போடப்படவில்லை. மூணாறு ரயில் நிலையக் கட்டடம் தேயிலை நிறுவனத்தின் அலுவலகமாக நிற்கிறது. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் நிற்கிறது. வண்டி மட்டும் இல்லை. அதே யூவிங் முறையில் 1907 முதல் 1927 வரை ஓடிய பாட்டியாலா சமஸ்தானத்தின் ஒற்றைத் தண்டவாள ரயிலுக்கு இதைவிட நல்ல ஊழ் வாய்த்தது. கொட்டகையில் மறந்துபோன அதன் எஞ்சினை மைக் சட்டோ என்ற ஆங்கிலேய ரயில் ஆர்வலர் 1962இல் கண்டெடுத்தார். அமிர்தசரஸ் பணிமனையில் அது பழுதுபார்க்கப்பட்டு, இன்று தில்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் ஓடும் நிலையில் இருக்கிறது. குண்டளையின் மாட்டு ரயில் எப்படி நகர்ந்திருக்கும் என்று அறிய விரும்பும் தேனிக்காரர், தில்லியில் போய்ப் பார்த்துக்கொள்ளவேண்டியதுதான்.

டிராம் என்ற பெயருக்கு முழு உரிமை உடைய ஊர்தி தமிழ்நாட்டில் ஓடிய இடம் சென்னை. 1895 மே 7 அன்று அங்கே மின்டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே அதுதான் முதல். லண்டன் தெருக்களில் மின்டிராம் வருவதற்கு மேலும் ஆறு ஆண்டுகள் ஆயின. முந்திக்கொண்டதற்குச் சென்னை ஒரு விலையும் கொடுத்தது. டிராமுக்கு மின்சாரம் கொடுக்க அக்காலத்தில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தெருவுக்கு மேலே கம்பி இழுத்து, வண்டியின் கூரையிலிருந்து எழும் நீண்ட கழியின் நுனியால் அந்தக் கம்பியைத் தொடுவது. மற்றொன்று, இரு தண்டவாளங்களுக்கும் இடையே நிலத்துக்குள் கால்வாய்போல் ஒரு குழி ஓட்டி, அதனுள் மின்கடத்தியை வைத்து, மேல்பக்கத்தில் ஒரு சிறு இடுக்கு மட்டும் விட்டு, வண்டியின் அடியிலிருந்து இறங்கும் தகடு ஒன்று அந்த இடுக்கின் வழியாக உள்ளே சென்று மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும்படி செய்வது. கண்ணுக்கு அழகு இரண்டாவது. தலைக்கு மேல் கம்பிக்காடு கூடாது என்று நினைத்த நகரங்கள், புடாபெஸ்ட் போன்றவை, அதையே தேர்ந்தன. சென்னையும் அதைத்தான் தேர்ந்தது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கும் ஊரில், மின்சாரம் பாயும் கடத்தியைத் தெருவுக்குக் கீழே குழிக்குள் வைத்தால் என்ன ஆகும் என்பதை விளக்கவேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை அந்த ஏற்பாட்டைச் சில ஆண்டுகளிலேயே தோற்கடித்தது. மேல்கம்பி முறை வந்தது. தொடங்கிய நிறுவனம் நொடித்துப்போக, 1904இல் மெட்ராஸ் எலெக்ட்ரிக் டிராம்வேஸ் என்ற புதிய நிறுவனம் பொறுப்பேற்றது. ஐரோப்பியத் தெருவுக்கு வரைந்த திட்டத்தைச் சென்னைத் தெருவில் அப்படியே விரித்ததன் பலன் அது. மழைநீர் வடியும் வழியை மறந்து திட்டம் போடும் வழக்கம் அந்த நகரத்தில் அன்றே தொடங்கிவிட்டது போலும்.

மேல்கம்பி வந்த பிறகு சென்னை டிராம் தழைத்தது. 1921இல் 97 வண்டிகள் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் பாதையில் ஓடின. அதில் போனவர்கள் யார் என்பதற்குப் புள்ளிவிவரத்தைவிட நல்ல சான்று புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் இருக்கிறது. பிராட்வே முனையில் நிற்கும் பிள்ளை கடவுளைச் சந்திப்பதற்கு முன்னால் செய்துகொண்டிருக்கும் காரியம், டிராமில் போனால் வெற்றிலைக்கு எவ்வளவு மிஞ்சும், பஸ்ஸில் திருவல்லிக்கேணிக்குப் போனால் எவ்வளவு என்ற காலணாக் கணக்கு. டிராம் அப்படிப்பட்டவர்களின் வாகனம். பேருந்துப் போட்டியும் நட்டமும் வளர்ந்து நிறுவனம் தொடர்ந்து நடத்த முடியாது என்று ஆனபோது, அரசும் அதை ஏற்று நடத்த முன்வரவில்லை. 1953 ஏப்ரலில், ராஜாஜி முதலமைச்சராக இருந்த காலத்தில், ஒரு நள்ளிரவோடு சேவை நின்றது. தொழிலாளர் வேலை இழந்தனர், கம்பிகள் இறங்கின, தண்டவாளம் பெயர்ந்தது. டிராம் ஓடிய மவுண்ட் ரோட்டிலோ மயிலாப்பூரிலோ இன்று நின்று பார்ப்பவருக்கு அதன் சுவடு கண்ணில் படாது. மும்பை 1964 வரையும் தில்லி 1963 வரையும் கொழும்பு 1960 வரையும் தாக்குப்பிடித்துப் பிறகு அதே வழியில் போயின. இந்திய நகரங்களில் எஞ்சியது கொல்கத்தா ஒன்றே.

ஆகவே ஆர்வலரின் பயணம் கொல்கத்தாவை நோக்கித்தான். கெங்குவார்பட்டியிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைரோடு நிலையத்துக்குப் போய்ச் சென்னை ரயிலைப் பிடிக்கலாம். 1928இல் தொடங்கி, மீட்டர் கேஜாக ஓடிவந்த நிலையில் 2010இன் இறுதியில் மூடப்பட்டு, அகலப்பாதையாக 2022 மே மாதத்தில் தேனிக்கும் 2023 ஜூனில் போடிக்கும் திரும்பிவந்திருக்கும் மதுரைப் பாதையையும் பயன்படுத்தலாம். சென்னை சென்ட்ரலில் ஹவுரா மெயிலில் ஏறினால், வங்காளம் ஒரு நாளுக்குச் சற்று மேற்பட்ட பயணத் தொலைவு. ஹவுரா பாலத்தைக் கடந்து நகருக்குள் நுழைகிறவர் கவனிக்கவேண்டிய ஒன்று: டிராமும் ஒருகாலத்தில் இதே பாலத்தின் மேல்தான் ஆற்றைக் கடந்தது. அது 1993இல் நிறுத்தப்பட்டது.

கொல்கத்தாவின் முதல் டிராம் 1873 பிப்ரவரி 24 அன்று, சியால்தாவுக்கும் ஹூக்ளிக் கரையிலுள்ள ஆர்மீனியன் படித்துறைக்கும் இடையே குதிரைகள் இழுத்து ஓடியது; அந்த ஆண்டே கூட்டமில்லாமல் நின்றும்போனது. 1880இல் கல்கத்தா டிராம்வேஸ் நிறுவனம் அதை மறுபடி தொடங்கியது. அந்த நூற்றாண்டின் முடிவில் அந்த நிறுவனத்திடம் 166 வண்டிகளும் ஏறத்தாழ ஆயிரம் குதிரைகளும் இருந்தன. வெயிலில் வண்டியிழுத்த அக்குதிரைகளுக்குப் பதிலாக மின்சாரம் வந்தது 1902 மார்ச் 27 அன்று, எஸ்பிளனேடிலிருந்து கிதர்பூர் வரை. ஆசியாவின் முதல் மின்டிராம் இதுவே என்று கொல்கத்தாவைப் பற்றிய எழுத்துகளில் அடிக்கடி படிக்க நேரிடும். ஏழு ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் ஓடிவிட்டது என்பதை அங்கே சொல்வாரில்லை. டிராமைத் தூக்கியெறிந்த ஊருக்காகப் பேச யார் வருவார்?

1953ஆம் ஆண்டு இரண்டு நகரங்களையும் பிரித்துக் காட்டுகிறது. சென்னையில் டிராம் ஏப்ரலில் ஓசையில்லாமல் அடங்கிய அதே ஆண்டின் ஜூலையில், இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரே ஒரு பைசா உயர்த்தியதற்காகக் கொல்கத்தா கொதித்தெழுந்தது. மறியல், தீவைப்பு, துப்பாக்கிச்சூடு என்று நகரமே நிலைகுலைந்த பிறகு, உயர்வு கைவிடப்பட்டது. டிராம் வேண்டும் என்பதற்காக நடந்த போராட்டம் அல்ல அது. ஆனால் டிராம் கட்டணத்துக்காக இவ்வளவு பேர் தெருவில் இறங்கும் நகரத்தில், டிராமையே எடுத்துவிடுவது எளிய காரியமாக இருந்திருக்காது. 1967இல் அரசு நிர்வாகத்தை ஏற்றது. 1976இல் நிறுவனமே அரசுடைமை ஆனது. கவிஞர் ஜீவனானந்த தாஸ் 1954இல் டிராம் மோதி இறந்ததும், சத்யஜித் ராயின் 'மகாநகர்' படம் மின்கம்பியை உரசிச் செல்லும் டிராமின் கழியைக் காட்டியே தொடங்குவதும், அந்த ஊரின் நினைவில் இந்த ஊர்தி எவ்வளவு ஆழமாக ஊன்றியிருக்கிறது என்பதைச் சொல்லும்.

பார்க்கத்தக்க பழைய டிராம் எஸ்பிளனேடு முனையத்தில் இருக்கிறது. 1938இல் கட்டப்பட்ட இரட்டைப் பெட்டி வண்டி ஒன்றைச் சீர்செய்து, 2014 செப்டம்பரில் 'ஸ்மரணிகா' என்ற பெயரில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். ஒரு பெட்டியில் தேநீரும் சிற்றுண்டியும். மற்றதில் பழைய பயணச்சீட்டுகள், நடத்துநர்களின் தொப்பிகள், சின்னங்கள், நிழற்படங்கள். குறைசொல்ல ஒன்றுமில்லை, அரைமணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம். ஆனால் டிராமைப் புரிந்துகொள்ள அந்தப் பெட்டி போதாது. நகராத டிராம், உணவகமாக மாற்றிய எந்தப் பழைய அறையிலிருந்தும் பெரிதும் வேறுபட்டதல்ல. பெட்டி டிராமில் ஒரு பகுதிதான். தண்டவாளம், மேல்கம்பி, மின்சாரம் வழங்கும் துணைநிலையம், வண்டி திரும்பும் வளையம், இரவில் அடையும் பணிமனை, தேய்ந்த சக்கரத்தைக் கடைந்து சரிசெய்யத் தெரிந்த கை, இவ்வளவும் சேர்ந்ததே டிராம். இதில் ஒன்று அறுந்தாலும் மற்றவை வெறும் பொருள்களாகிவிடும்.

எனவே அனுபவமுள்ள ஆர்வலர் ஸ்மரணிகாவைப் பார்த்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் புறப்படத் தயாராக நிற்கும் சாதாரண வண்டியில் ஏறிவிடுவார். இரண்டு பெட்டிகள் கோத்த அந்த வண்டியில் முன்பெட்டி முதல் வகுப்பாகவும் பின்பெட்டி இரண்டாம் வகுப்பாகவும் நெடுங்காலம் இருந்தன. இரண்டுக்கும் கண்ணால் கண்டறியும் வேறுபாடு, முன்பெட்டியின் கூரையில் சுழன்ற மின்விசிறி. ஓட்டுநர் இருக்கும் முகப்புக்கு அருகில் இடம் பிடிப்பவர் அவரது கைகால்களைக் கவனிக்கவேண்டும். அவர் கையில் ஸ்டியரிங் கிடையாது. போகும் திசையைத் தண்டவாளம் பார்த்துக்கொள்கிறது. அவருக்கு முன்னால் இடுப்பளவு உயரமுள்ள ஒரு பெட்டியும் அதன் தலையில் ஒரு கைப்பிடியும் உண்டு. கன்ட்ரோலர் எனப்படும் அதன் கைப்பிடியை ஒவ்வொரு படியாகத் திருப்பும்போது, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் தடுத்துவைத்திருக்கும் தடைச்சுருள்கள் ஒவ்வொன்றாக விலக, வண்டி ஒரு சிறு உந்தலோடு வேகம் பிடிக்கும். மேல்கம்பியில் பாய்வது 550 வோல்ட் நேர்மின்சாரம். அது கழி வழியாக மோட்டாருக்கு இறங்கி, சக்கரம் வழியாகத் தண்டவாளத்துக்குப் போய், அதன் வழியே துணைநிலையத்துக்குத் திரும்புகிறது. தெருவில் குறுக்கிடுவோரை எச்சரிக்கும் மணியை ஓட்டுநர் காலால் மிதித்து அடிக்கிறார். நிறுத்தவும் புறப்படவும் சொல்லும் மணியை நடத்துநர் கயிற்றை இழுத்து அடிக்கிறார். பாதை பிரியும் இடத்தில் இரும்புக்கோலோடு ஒருவர் வந்து, தண்டவாளத்தின் நாக்கை நெம்பி, வண்டி போகவேண்டிய பக்கத்துக்கு ஒதுக்கிவிடுவதும் உண்டு. கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காட்ட முடியாத தொழிலறிவு இது. கொல்கத்தா டிராமின் நோனாபுகூர் பணிமனையில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்திருப்பதும் இதே அறிவுதான்.

இந்த உண்மையை மேலைநாட்டு ஆர்வலர்கள் முன்பே உணர்ந்திருந்தனர். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1939இல் சில இளைஞர்கள் 150 டாலருக்கு ஒரு பழைய பெட்டியை வாங்கித் தொடங்கிய சீஷோர் டிராலி அருங்காட்சியகம், பெட்டியை நிறுத்திவைப்பதோடு நில்லாமல் தண்டவாளம் போட்டு ஓட்டியும் காட்டுகிறது. இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள கிரிச் கிராமத்தில், 1959இல் ஒரு பழைய கல்குவாரியைப் பிடித்து, அதையே ஒரு சிறு டிராம் தெருவாக மாற்றினார்கள். சான்பிரான்சிஸ்கோ 1995இல் இன்னும் ஒரு படி மேலே போயிற்று: மிலான் நகரம் 1928இல் வடிவமைத்த பெட்டிகள் உட்படப் பல ஊர்களின் பழைய டிராம்களை வாங்கி, மார்க்கெட் தெருவில் அன்றாடப் பொதுப்போக்குவரத்தாகவே விட்டது, அலுவலகம் போகிறவரும் பயண ஆர்வலரும் அங்கே ஒரே சீட்டில் பயணம் செய்கிறார்கள். நியூ ஆர்லியன்ஸின் செயின்ட் சார்லஸ் தடத்தில் 1920களின் பெட்டிகள் இன்றும் வேலை பார்க்கின்றன. மெல்பர்ன் தன் பழைய டபிள்யூ வகை வண்டிகளை நகர் மையத்தைச் சுற்றும் இலவசத் தடத்தில் ஓட்டுகிறது. மெல்பர்னுக்கும் கொல்கத்தாவுக்கும் இதனால் ஓர் உறவும் ஏற்பட்டது. இரு நகரங்களின் டிராம் தொழிலாளரும் ஆர்வலரும் கலைஞரும் 1990களில் தொடங்கி 'டிராம்ஜாத்ரா' என்ற பெயரில் கூடி, வண்டிகளுக்கு வண்ணம் தீட்டி விழா எடுத்துவருகின்றனர்.

கொல்கத்தாவில் இன்று மிஞ்சியிருப்பது அதிகமில்லை. மெட்ரோப் பணிகளும் மேம்பாலங்களும் ஒவ்வொரு தடமாக விழுங்கின. 2020 மே மாதத்து உம்பன் புயலில் கம்பிகள் அறுந்த பிறகு, மைதானத்துப் புல்வெளியினூடே போகும் கிதர்பூர்த் தடம், 1902இல் முதல் மின்டிராம் ஓடிய அதே தடம், மீண்டும் திறக்கப்படவில்லை. 2023இல் நூற்றைம்பதாம் ஆண்டு விழா நடந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில், நெரிசலைக் காரணம் காட்டி, எஸ்பிளனேடுக்கும் மைதானத்துக்கும் இடையே ஒரு பாரம்பரியத் தடம் தவிர மற்றவற்றை நிறுத்தப்போவதாக மாநிலப் போக்குவரத்து அமைச்சர் அறிவித்தார். டிராம் பயணிகள் சங்கத்தினர் எதிர்த்தனர். வழக்கு கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் முன் போனது. தண்டவாளத்தின் மீது தார் ஊற்றி மூடும் வேலைக்கு எதிராகவும் குரல் எழுந்தது. பாரம்பரியத் தடம் என்ற ஏற்பாட்டை இகழவேண்டியதில்லை. அறவே இல்லாமல் போவதைவிட அது மேல். ஆயினும் சுற்றுலாவுக்கென ஓடும் ஒரு குறுந்தடத்துக்கு எத்தனை ஓட்டுநர் தேவைப்படுவர், எத்தனை கடைசல்காரர் தேவைப்படுவர் என்று எண்ணிப் பார்த்தால், நோனாபுகூரின் தொழிலறிவு எவ்வளவு காலம் தாங்கும் என்ற கவலையைத் தவிர்க்க முடியாது.

பயணத்துக்கு ஏற்ற காலம் கார்த்திகை முதல் மாசி வரை; அதன்பின் வங்காளத்து வெயிலும் வியர்வையும் முன்பெட்டியில் விசிறி இருந்ததன் அருமையைக் காட்டிவிடும். ஓடும் தடங்கள் அடிக்கடி மாறுவதால், புறப்படுவதற்கு முன் மேற்கு வங்கப் போக்குவரத்துக் கழகத்தின் அப்போதைய அறிவிப்பைச் சரிபார்த்துக்கொள்வது அவசியம். எஸ்பிளனேடிலிருந்து கரியாஹாட்டுக்கோ ஷியாம்பஜாருக்கோ வண்டி இருக்குமானால், ஸ்மரணிகாவை மாலைக்குத் தள்ளிவைத்துவிட்டு, தெரு முழுவதாக விழித்துக்கொள்ளும் முன் காலையிலேயே அதில் ஏறிவிடுவது நல்லது. சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்வதும் நல்லது. நடத்துநர் கிழித்துத் தரும் சீட்டைப் பத்திரப்படுத்துவோர் அங்கே பலர்.